மங்கிய ஹெட்லைட்: தேய்ப்பதா, கோட்டிங் அடிப்பதா, மாற்றுவதா?

பத்து வருஷம் ஓடிய ஸ்விஃப்ட், ஐ10, வேகன்ஆர், இன்னோவா என்று எந்த வண்டியின் முன்னால் நின்று பார்த்தாலும் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகி, மேல்பக்கம் சொரசொரவென்று வெளுத்திருக்கும். வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதுமா, வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வாங்கி நாமே இறங்கலாமா, டீட்டெய்லிங் கடையில் விடுவதா, இல்லை புதுசாகவே மாற்றிவிடுவதா? யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவர்கள் இன்னும் குழம்பித்தான் வருகிறார்கள். தேய்த்துத் துடைத்த அந்த நிமிஷத்தோடு வீடியோ முடிந்துவிடுகிறது, ஆறு மாசம் கழித்து அதே லைட் எப்படி இருக்கிறது என்று காட்டுபவர்கள் குறைவு.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தேய்ப்பது வேலையில் சுலபமான பாதி. தேய்த்த பிறகு மேலே என்ன பூசுகிறீர்கள் என்பதில்தான் போட்ட காசு நிற்பதும் வீணாவதும் இருக்கிறது. மேலே எதுவும் பூசப் போவதில்லை என்றால் வாட்டர் பேப்பரைத் தொடாமல் இருப்பதே மேல்.

ஏன் மங்குகிறது

கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அம்பாசடர், பத்மினி காலத்து வட்ட விளக்குகள் நிஜக் கண்ணாடி. எத்தனை வருஷமானாலும் மஞ்சளாகாது, கல் பட்டால் உடையும், அவ்வளவுதான். பாலிகார்பனேட் லேசில் உடையாது, எடை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் மேற்பரப்பு எளிதில் கீறிக்கொள்ளும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் மஞ்சளாகும். அதனால் தொழிற்சாலையிலேயே அதன் மேல் கெட்டியான ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நம் ஊர் வெயிலில் சில வருஷங்களில் அந்தப் பூச்சு பலமிழந்து, மெல்லிய வெடிப்பு விட்டு, உரிய ஆரம்பிக்கிறது. தெருவில் எப்போதும் ஒரே திசை பார்த்து நிறுத்தும் வண்டியில் ஒரு பக்க லைட் மட்டும் அதிகமாக மங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பக்கம் வெயில் கூடுதலாக வாங்கியிருக்கிறது.

ஆக நீங்கள் பார்க்கும் மங்கலில் பாதி, செத்துப்போன பழைய பூச்சு. தேய்த்தால் அது போய் அடியில் இருக்கும் நல்ல பிளாஸ்டிக் பளிச்சென்று தெரிகிறது. கூடவே மிச்சம் இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. பூச்சே இல்லாத பாலிகார்பனேட், முதல் தடவையைவிடச் சீக்கிரமாகவே மஞ்சளாகும்.

காசு செலவழிக்கும் முன்

லைட் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் திரும்ப மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில் இருக்கிறது என்று அர்த்தம். தேய்த்தால் பலன் உண்டு. ஈரத்திலும் அதே மங்கல் என்றால் கோளாறு உள்ளே இருக்கலாம், அல்லது வெடிப்பு ஆழமாக இறங்கியிருக்கலாம். உள்ளே நீர்த்துளி கோத்து நிற்கிறது என்றால் சீல் விட்டிருக்கிறது, இல்லையென்றால் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது தீராது.

அப்புறம் ரிஃப்ளெக்டர். லைட்டை அணைத்துவிட்டு, கண்ணாடி வழியாகத் தெரியவில்லை என்றால் பல்பைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். கருத்தோ உரிந்தோ போயிருந்தால் மேலே கண்ணாடி பளபளத்தாலும் சாலையில் வெளிச்சம் விழாது. 55/60 வாட் போடவேண்டிய எச்4 சாக்கெட்டில் 90/100 வாட் பல்பு மாட்டி ஓட்டிய வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம், சூட்டில் ரிஃப்ளெக்டர் வெந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட லைட்டுக்கு இந்தக் கட்டுரையில் வரும் தேய்ப்பு வேலை எதுவும் உதவாது. 'புது செட்' பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், வெளிச்சம் எவ்வளவு திரும்புகிறது. லைட் அழகாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2018இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மங்கிய ஹெட்லைட் புதிய லைட்டின் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் கொடுத்தது. தேய்த்துச் சரிசெய்த பிறகு ஏறக்குறைய 70 சதவீதம் வந்தது, வீட்டில் செய்தாலும் கடையில் செய்தாலும். கம்பெனி உதிரிபாகம் மாட்டினால் 100. வேறு கம்பெனிகள் செய்து விற்கும் செட் 83 முதல் 90 வரை, ஆனால் அவற்றில் ஒளிக்கற்றை விழவேண்டிய இடத்தில் விழாத சிக்கல் இருந்தது. தேய்த்த லைட்டிலும் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் சிதறல் அனுமதித்த அளவைவிட அதிகமாகவே இருந்தது. சோதித்தது அங்கே ஓடும் வண்டிகளில் என்றாலும் பிளாஸ்டிக் எல்லா ஊரிலும் அதே பிளாஸ்டிக்தான்.

இரண்டாவது, எவ்வளவு நாள் தாங்கும். மூன்றாவது மொத்தச் செலவு, இதில் மறைந்திருக்கும் செலவும் சேர்த்தி. நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: வேலை கெட்டுப்போனால் திரும்ப வர வழி இருக்கிறதா?

டூத்பேஸ்ட்டும் அதன் சொந்தக்காரர்களும்

டூத்பேஸ்ட் வேலை செய்யும், பொய் இல்லை. அதில் இருக்கும் நுண்ணிய தூள் மேலே படிந்த மஞ்சளைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிடும். லேசான மங்கல் என்றால் கண்ணுக்கு நன்றாகவே வித்தியாசம் தெரியும். பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக இருக்கும் லைட்டில் எவ்வளவு தேய்த்தாலும் கைதான் வலிக்கும். மேலே பாதுகாப்பு எதுவும் சேராததால் சில வாரத்தில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாசத்தில், பழைய நிலைக்கு வந்துவிடும். கெடுதல் பெரிதாக இல்லை, செலவும் இல்லை. நாளைக்குக் கல்யாணத்துக்கு வண்டியை எடுத்துப்போக வேண்டும் என்றால் செய்யுங்கள்.

ஆனால் இதே வரிசையில் வைத்துச் சொல்லப்படும் வேறு சில வித்தைகளைத் தொடவே வேண்டாம். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் பாலிகார்பனேட்டுக்குள் மெல்லிய வெடிப்பை உண்டாக்கும். சில கொசு விரட்டி ஸ்பிரேக்களில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்கிவிடும். அடித்துத் துடைத்ததும் கண்ணாடி மாதிரி மின்னுவது அதனால்தான், காய்ந்தபின் பிசுபிசுத்து முன்னைவிட மோசமாகும். டூத்பேஸ்ட் பலிக்கவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இவை கெடுத்ததை எடுப்பது கஷ்டம்.

வாட்டர் பேப்பர், காம்பவுண்ட், வாக்ஸ்

வீட்டில் செய்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறார்கள். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் 800, 1000, 1500, 2000, கிடைத்தால் 3000 என்று தாளுக்கு இருபது முப்பது ரூபாயில் கிடைக்கும், எண் ஏற ஏறத் தாள் நைசாகும். கூட ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், மாஸ்கிங் டேப், பழைய பனியன் துணி. மொத்தம் ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள் அடங்கும், மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும்.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். சுற்றியுள்ள பானெட், பம்பர், ஃபெண்டர் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள், பேப்பர் ஒருமுறை வழுக்கிப் பெயிண்டில் பட்டால் டச்சப் செலவு இந்த மொத்த வேலையைவிட அதிகமாகிவிடும். பேப்பரை ஊறவைத்து, சோப்பு கலந்த தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். ஆரம்பத்தில் மஞ்சள் கலந்த பால்போல நீர் வடியும், அதுதான் பழைய பூச்சு. வடியும் நீர் வெள்ளையாக மாறி, பரப்பு முழுக்க ஒரே சீராக மங்கலாகத் தெரியும்வரை 800ஐ விடக்கூடாது. இங்கே அவசரப்பட்டு 1500க்குத் தாவுபவர்களுக்குத்தான் கடைசியில் ஓரத்தில் மஞ்சள் வளையம் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றிக்கொண்டால் முந்தைய பேப்பரின் கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். எல்லாம் முடிந்து காம்பவுண்ட். வெயிலில் நின்று செய்யாதீர்கள், தண்ணீரும் காம்பவுண்டும் சட்டென்று காய்ந்து திட்டுப் பிடிக்கும். டிரில்லில் பஃபிங் பேடு மாட்டிச் செய்பவர்கள் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஒரு கறை விழும், அதை எடுக்கத் திரும்ப 800இலிருந்து வரவேண்டும்.

இரண்டு லைட்டுக்கும் சேர்த்து ஒரு காலை நேரம் போய்விடும். முடிவு அற்புதமாக இருக்கும். பிரச்சினை அதற்கப்புறம்தான்: மேலே கார் வாக்ஸ் மட்டும் பூசினால் வாட்டர் வாஷிலும் மழையிலும் சில வாரத்தில் போய்விடும். மாசத்துக்கு ஒருமுறை பூசிக்கொண்டே இருப்பேன் என்பவருக்குச் சரி. அப்படிச் சொல்பவர்களில் மூன்றாவது மாசம் பூசுபவர் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம். கடையில் விற்கும் ஹெட்லைட் கிட்டில் வரும் யூவி சீலண்ட் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு) வாக்ஸைவிட நன்றாகவே தாங்கும், ஆனாலும் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கிட் வாங்கும்போது பெட்டியில் பாலிஷ் மட்டும் இருக்கிறதா, கடைசியாகப் பூசும் யூவி பூச்சும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பலவற்றில் அது இருக்காது.

யாருக்கு ஏற்றது? வண்டியைச் சீக்கிரம் விற்கப் போகிறவருக்கு. மூடிய பார்க்கிங்கில் நிறுத்துபவருக்கு. இந்த மாதிரி வேலை செய்வதே பிடிக்கும் என்பவருக்கும்தான், அந்த வகை ஆட்கள் நிறைய உண்டு.

வாட்டர் பேப்பருக்கு மேல் டூகே கிளியர்

வீட்டு வழிகளில் என் வாக்கு இதற்கு. காரின் பெயிண்டுக்கு மேல் அடிக்கும் அதே கிளியர் கோட், ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிப்பது. காய்ந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், யூவி தாங்கும், சரியாக அடித்திருந்தால் இரண்டு மூன்று வருஷம் கவலையில்லை.

இதில் ஒரு வசதி உண்டு. 3000 வரை போய்ப் பாலிஷ் போடும் வேலை மிச்சம். 1000இல் சீராக முடித்து நிறுத்திவிடலாம், கிளியர் அந்த நுண்கோடுகளை நிரப்பித் தானே தெளிவாகிவிடும். பாலிஷ் போட்டு வழவழப்பாக்கி அதன்மேல் கிளியர் அடித்தால்தான் பிடிப்பு இல்லாமல் பின்னாளில் உரியும். கடைசியில் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும், தின்னர் கூடாது. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் பட்ட கையோ துணியோ கிட்டே வரக்கூடாது, சிலிக்கான் பட்ட இடத்தில் கிளியர் ஒட்டாமல் குழிகுழியாக விலகிக்கொள்ளும். முதல் கோட்டை மிக மெல்லியதாகத் தூவிவிட்டு, கொஞ்சம் காயவிட்டு, அப்புறம் முழு கோட். முதலிலேயே தடியாக அடித்தால் வழியும், உள்ளே இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கையும் வெடிக்க வைக்கலாம்.

இப்போது மறைந்திருக்கும் செலவு. ஸ்பிரே கேனில் வரும் டூகே கிளியர் ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகிறது, அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலந்துவிட்டால் ஓரிரு நாளில் கேனுக்குள்ளேயே இறுகிவிடும், அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதைவிட முக்கியம், ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு எந்த உதவியும் இல்லை, ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், அதற்கே தனியாகக் காசு. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அடிக்கவே கூடாது. போதாதற்குத் தூசி. தெருவோரத்தில் அடித்தால் ஒரு கொசுவாவது வந்து ஒட்டும். மழைக்கால ஈரப்பதத்தில் வெளுத்துப்போகவும் வாய்ப்புண்டு.

இதற்கெல்லாம் ஒரு நடுவழி இருக்கிறது, நான் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வதும் அதுதான். தேய்க்கும் வேலையை வீட்டில் நீங்களே நிதானமாக முடித்துக்கொண்டு, பக்கத்து டிங்கரிங் பெயிண்டிங் கடைக்குப் போங்கள். அன்றைக்கு ஏதாவது ஒரு வண்டிக்கு அவர் கிளியர் கலக்கத்தான் போகிறார், அதே ஸ்பிரே கன்னில் உங்கள் இரண்டு லைட்டுக்கும் இரண்டு கோட் அடித்துத் தர ஐந்நூறு ஆயிரம் கேட்பார். முதல் கோட்டை மெல்லியதாக அடிக்கச் சொல்லுங்கள், நல்ல கிளியரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேய்ப்பு உங்கள் கையில் இருப்பதால் அவசரத்தில் மஞ்சளோடு சேர்த்து மூடிவிட்டார்களோ என்ற பயமும் இல்லை.

கெட்டுப்போனால்? கிளியரைத் திரும்ப வாட்டர் பேப்பர் போட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். வேலை இரட்டிப்பாகும், லைட் போகாது.

கடையில் கொடுப்பது

டீட்டெய்லிங் கடைகளில் ஜோடிக்கு எண்ணூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை கேட்கிறார்கள், ஊரையும் கடையையும் பொறுத்து. மிஷின் இருக்கிறது, பழகிய கை இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தேய்த்தபிறகு மேலே என்ன போடுவீர்கள்? "பாலிஷ் போட்டுத் தருவோம் சார்" என்றால் மேலே சொன்ன வாக்ஸ் வழியைத்தான் நீங்கள் இரண்டு மடங்கு விலையில் வாங்குகிறீர்கள். கோட்டிங், கிளியர், பிபிஎஃப் ஃபிலிம் என்று ஏதாவது பதில் வந்து, வாரண்டியையும் பில்லில் எழுதித் தந்தால் கொடுக்கலாம். பிபிஎஃப் என்பது தெளிவான தடித்த ஃபிலிம், வெயிலையும் சின்னக் கல்லையும் தாங்கும், விலை கூடுதல். ஸ்டைலுக்காகக் கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிச்சத்துக்காகக் காசு கொடுத்துவிட்டு அதை மூடுவானேன்?

புது செட்

ரிஃப்ளெக்டர் போயிருந்தால், உள்ளே தண்ணீர் நின்றால், தாங்கும் காது உடைந்து லைட் ஆடினால், வெடிப்பு ஆழமாக இருந்தால் யோசிக்க எதுவும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். இரவில் ஹைவேயில் அதிகம் ஓட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன். 70க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் நகரத் தெருவிளக்கில் தெரியாது, விழுப்புரம் தாண்டி ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியும்.

சின்ன ஹேட்ச்பேக்கின் சாதாரண ஹாலோஜன் லைட் என்றால் ஜோடிக்குச் சில ஆயிரங்களில் முடியும். எல்ஈடி, புரொஜெக்டர் என்றால் ஒரு பக்கமே பல ஆயிரம், சில மாடல்களில் அதற்கும் மேல். அந்த வண்டிகளில் தேய்த்துக் கிளியர் அடிப்பதற்கு நியாயம் அதிகம். பில்லில் வராத செலவுகளும் உண்டு. நிறைய மாடல்களில் பம்பரைக் கழற்றாமல் லைட் வெளியே வராது, பத்து வருஷ வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் இரண்டு மூன்றாவது உடையும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இன்னொரு பக்கம் இன்னும் மஞ்சளாகத் தெரியும், அதனால் ஜோடியாகவே பட்ஜெட் போடுங்கள்.

இன்ஷூரன்ஸில் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வெயிலில் மங்கியது தேய்மானக் கணக்கு, க்ளெய்ம் வராது. நிஜமாகவே விபத்தில் உடைந்திருந்தாலும் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான் கிடைக்கும், கூடவே நோ க்ளெய்ம் போனஸ் போகும். ஐந்து வருஷமாகக் க்ளெய்ம் இல்லாதவருக்கு அது 50 சதவீதத் தள்ளுபடி, ஹெட்லைட்டுக்காக இழக்கக் கூடாத தொகை.

எங்கே வாங்குவது? கம்பெனி டீலரில் விலை கூடுதல், சந்தேகம் இல்லை. சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற இடங்களில், கார் கம்பெனிக்கே விளக்கு செய்து தரும் லூமேக்ஸ் மாதிரி தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வரும் செட்டைக் கேளுங்கள், கார் கம்பெனியின் பெயர் பெட்டியில் இருக்காது, விலை குறையும். பெயரே இல்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவது வேறு சரக்கு: மேல்பூச்சு மெலிதாக இருந்தால் சீக்கிரமே மஞ்சளாகும், ஒளிக்கற்றையும் கண்டபடி சிதறும். புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் கிடைக்கும். நல்ல ரிஃப்ளெக்டரோடு மங்கிய கண்ணாடி உள்ளதை மலிவாக வாங்கி, அதை வீட்டில் தேய்த்துக் கிளியர் அடித்து மாட்டுவது கெட்டிக்காரத்தனம், ஆனால் காதுகள் ஒட்டுப் போட்டவையா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | ஜோடிக்குச் செலவு | தாங்கும் காலம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| டூத்பேஸ்ட் | ஒன்றுமில்லை | சில வாரம் | கைவலி |
| வாட்டர் பேப்பர், வாக்ஸ் | ₹500–1,000 | சில மாசம் | மாசாமாசம் வாக்ஸ் |
| வாட்டர் பேப்பர், யூவி சீலண்ட் | ₹1,000–2,000 | ஒரு வருஷம்போல | சீலண்டைத் திரும்ப வாங்குவது |
| வீட்டில் தேய்த்து, கடையில் டூகே கிளியர் | ₹1,000–2,000 | 2–3 வருஷம் | கிளியரின் தரம் |
| டீட்டெய்லிங் கடை | ₹800–2,500 | மேலே போடுவதைப் பொறுத்து | பாலிஷோடு நிறுத்திவிடுவது |
| புது செட் | சில ஆயிரம் முதல் | பல வருஷம் | பம்பர் கிளிப், கூலி, லைட் செட்டிங் |

விலைகள் தோராயம்தான், உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறி இறங்கும்.

15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகிறவர்களும், எஃப்சிக்கு (தகுதிச் சான்றிதழுக்கு) போகும் டாக்ஸிக்காரர்களும், சோதனையில் ஹெட்லைட்டையும் பார்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இவர்களுக்குக் கிளியர் வழி கணக்கில் சரியாக வரும். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட டாக்ஸிக்கு வருஷா வருஷம் எஃப்சி, ஒவ்வொரு தடவையும் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது.

எந்த வழியில் போனாலும், லைட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் செட்டிங் பார்க்காமல் ராத்திரி கிளம்பாதீர்கள். சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, வண்டிக்குள் இருக்கும் ஹெட்லைட் லெவல் திருகியை 0இல் வைத்து டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைட்டின் நடு உயரத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே விழவேண்டும், இடது ஓரம் மட்டும் சற்று மேலேறலாம். அதற்கு மேல் அடித்தால் எதிரே வரும் பைக்காரர் கண்ணில் அடிக்கிறது என்று பொருள். லைட்டின் பின்பக்கம் இருக்கும் திருகாணியில் சரிசெய்யலாம், பழைய வண்டிகளில் அதன் பல்லும் பிளாஸ்டிக், மெதுவாகத் திருப்புங்கள்.